வரைபடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம்

பெரிய அதிகாரியாகிவிட்ட என் தம்பிக்கு,

நீ போட்ட திட்டத்தின் வரைபடத்தை ஊர் அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். பச்சை அடித்த நிலத்தில் இனி விவசாயம் மட்டும்தான், வீட்டுமனை போட முடியாது என்று நீதானே சொன்னாய்? அதை நம்பி, வீடு வீடாக ஏறி இறங்கி நாற்பது பேரிடம் கையெழுத்து வாங்கியவள் நான். மகன் படிப்புக்காக விற்க இருந்த பக்கத்து வயல்காரர்கூட என் முகத்துக்காகத்தான் போட்டார்.

சுற்றிலும் பச்சையாக இருக்கிறது. நடுவில், அப்பா உனக்குப் பிரித்துக் கொடுத்த பங்கு மட்டும் வெள்ளை. நிலம் அளந்தவரைக் கேட்டேன். "சார்தான் அதை விட்டுடச் சொன்னாருக்கா" என்றார்.

நேற்று பக்கத்து வயல்காரர் அதே இடத்தில் விரலை வைத்தார். "இது மட்டும் ஏன் தங்கச்சி வெள்ளையா இருக்கு?"

"கலர் தீந்துபோச்சு போலண்ணே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், உனக்காக. அவரும் நம்பிவிட்டார். "அதனால என்ன, நம்ம தம்பிதானே! சொன்னா அடிச்சுக் குடுத்துடுவாரு" என்கிறார்.

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. இதோடு ஒரு பச்சைப் பென்சில் வைத்திருக்கிறேன். அடுத்த ஊர்க்கூட்டம் வரைக்கும்தான் என் பொய் தாங்கும்.

இன்னமும் உன்
அக்கா