கோல் கம்பத்துக்குப் பின்னால் இரண்டு டிக்கெட்

மார்ச் 3, செவ்வாய்

கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. லென்ஸ் தேய்க்கும் மிஷினில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு டிக்கெட் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்தேன். பெண்கள் உலகக் கால்பந்து, அதுவும் எங்கள் ஊரிலேயே. பெயர் கொடுப்பதற்கே வரிசை. திரையில் ஒரு குட்டி மனிதன் நடந்துகொண்டே இருக்கிறான், நகர்ந்த பாடில்லை. நடுவில் நீ மனுஷியா மெஷினா என்று சோதனை வேறு. பஸ் இருக்கிற படத்தையெல்லாம் தொடு. தொட்டேன். மறுபடி தொடு. தூ! டிக்கெட் கேட்கிறேனா, பிச்சை கேட்கிறேனா?

ஆளுக்கு இரண்டுதான் தருவார்கள். ஒன்று எனக்கு, ஒன்று என் விருந்தாளிக்கு. விருந்தாளி வேறு யார், சுவர்தான். காலேஜ் டீமில் நான் கோலி, கோல் காப்பவள்; எனக்கு முன்னால் நின்ற டிஃபெண்டர் அவள். அவளைத் தாண்டிப் பந்து வருவது அபூர்வம் என்பதால் வந்த பெயர். இப்போது ஸ்கூல் வேன் ஓட்டுகிறாள், பெயர் மட்டும் போகவில்லை. அவளும் தனியாகப் பெயர் கொடுத்திருக்கிறாள். யாருக்கு விழுந்தாலும் இருவரும் சேர்ந்து போகிறோம், கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்காருகிறோம். பதினெட்டு வயதில் பேசி வைத்தது.

இவர் சாப்பிட்டுக்கொண்டே, "டிவியில ஓசியில காட்டுவான், அதுக்குப் போய் காசைக் கரியாக்கணுமா" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஆடியதே இவருக்கு ஒரு ஜோக். போனால் போகிறது.

மார்ச் 21, சனி

விழுந்துவிட்டது! இரண்டு டிக்கெட், கோல் கம்பத்துக்குப் பின்னால், காலேஜ் நாளிலிருந்து நாங்கள் கொண்டாடும் கோலி ஆடும் மேட்ச்! இதோடு ஓய்வு பெறுகிறாளாம். சுவருக்கு விழவில்லை, அதனாலென்ன. போனில் இருவரும் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஏப்ரல் 2, வியாழன்

இவர் ஆபீஸில் பெருமையடித்திருக்கிறார். "என் வொய்ஃபுக்கு டிக்கெட் கிடைச்சிருச்சு." ஓசியில் டிவி பார்க்கச் சொன்ன அதே வாய்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எழுதினாலாவது அடங்குமா பார்க்கிறேன்.

நான் குளிக்கப் போன நேரத்தில் என் போனைத் திறந்து, சுவரின் டிக்கெட்டைத் தன் மேனேஜர் பெயருக்கு மாற்றிவிட்டார். பூட்டு எண் எங்கள் கல்யாண நாள். நான்தான் அப்படி வைத்தேன்! இரண்டையுமே மாற்றப் பார்த்திருக்கிறார். வாங்கியவளின் டிக்கெட்டை மாற்ற முடியாது என்று ஆப் சொல்லிவிட்டதாம். அதைச் சொல்லி என்னிடமே அலுத்துக்கொள்கிறார். திருட வந்தவன் பூட்டைக் குறை சொல்கிற மாதிரி.

"அவர் கேட்டுட்டார். ப்ரமோஷன் விஷயம்டி. நீ பாட்டுக்கு போ, அவர் பாட்டுக்கு பக்கத்துல உக்காருவார். உனக்கென்ன குறைஞ்சு போச்சு?"

என்ன குறைந்து போச்சா? தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றேன்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். செய்திருக்கவே கூடாது. "பந்து முக்கியமா, புருஷன் வேலை முக்கியமா? கொஞ்சம் விட்டுக்குடேன்" என்றாள். எல்லோரும் எதை எடுத்தாலும் என்னுடையதையே விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். சீ.

ஏப்ரல் 6, திங்கள்

சுவரிடம் சொன்னேன். போனில் அவள் வேனை ஓரங்கட்டுவது கேட்டது. பிறகு, "சரிடி. நீ போ. நம்ம கோலி எப்படி நிக்கறா, எப்படி நகர்றான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 19, ஞாயிறு

மேனேஜரே போனில். இவர் பக்கத்தில் நின்று பல்லை இளித்துக்கொண்டு ஸ்பீக்கரைப் போட்டார்.

எந்த இரண்டு டீம் என்று கேட்டார். சொன்னேன். "ஓ, லேடீஸ் மேட்சா?" என்று ஒரு இழுப்பு. பரவாயில்லை, போட்டோ எடுத்துப் போட்டால் போதும், டைரக்டர் பார்ப்பாராம். இடைவேளையில் கிளம்பினால் டிராஃபிக்கில் மாட்ட மாட்டோமா என்று அடுத்த கேள்வி. இந்த ஆள்! சுவர் உட்கார வேண்டிய இடத்தில்! போனை வைத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சத்தியமாகக் கழுவினேன்.

இவர் மட்டும் சந்தோஷமாக, "பாத்தியா, எவ்ளோ எளிமையா பேசறார்" என்கிறார்.

மே 10, ஞாயிறு

விதிமுறைகளை இன்றுதான் முழுசாகப் படித்தேன். வாங்கியவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் கொடுத்தால் இரண்டும் சேர்ந்துதான் போகும், விருந்தாளி டிக்கெட் யார் பெயரில் இருந்தாலும் சரி. திருப்பிக் கொடுத்தது சற்று நேரத்தில் பொது விற்பனைக்கு வந்துவிடும். யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு.

சுவருக்குச் சொன்னேன். அவள் உடனே, "நீ பின்னால தட்டி விடு, நான் எடுத்துக்கறேன்" என்றாள். அப்போது களத்தில் நான் அவளைப் பார்த்துக் கத்திய அதே வசனம், இன்று அவள் வாயில்.

உலகம் பூராவும் ஆட்கள் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்குக் கிடைக்காவிட்டால் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. என்னிடம் இருக்கும் ஒன்றும் போய்விடும். நாளெல்லாம் யோசித்தேன். போனால் போகட்டும், அந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கு இது மேல்.

மே 12, செவ்வாய்

மதியம், பிள்ளைகளை இறக்கிவிட்டு அவள் வேனில். நான் கடையில். திருப்பிக் கொடுக்கும் பொத்தானை அழுத்தினேன்.

தண்ணீர் குடித்தேன். ஒரு பாட்டியின் கண்ணாடிக்கு ஸ்க்ரூ முறுக்கினேன், முறுக்கியதையே மறுபடி முறுக்கினேன். பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

போன் அடித்தது. "ஒண்ணுதான்டி மாட்டுச்சு. இன்னொண்ணை எடுக்கறதுக்குள்ள எவனோ தூக்கிட்டான்." அழுதுவிட்டாள். சுவர் அழுது நான் கேட்டதே இல்லை.

அவள் பெயரில் வாங்கியது, அவள்தான் போக முடியும். "நீ போய்ட்டு வா" என்றேன். மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் அந்த மேனேஜர் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை.

இவரிடம் சொல்லவில்லை. கேட்டுவிட்டா எடுத்தார், சொல்லிவிட்டுக் கொடுப்பதற்கு?

ஜூன் 5, வெள்ளி

நாளை மேட்ச். இவர் என் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறார். மேனேஜர் முன்னால் நன்றாக இருக்க வேண்டுமாம்.

ஜூன் 6, சனி

ஸ்டேடியம் வாசலில் மேனேஜர் புது ஜெர்சியில் நின்றார். இன்று ஆடாத டீமின் ஜெர்சி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் குடை பிடிக்காத குறையாகப் பின்னாலேயே.

மேனேஜர் வாசல் மிஷினில் போனைக் காட்டினார். சிவப்பு. மறுபடி காட்டினார். சிவப்பு. அந்தக் காவலாளிப் பெண், இந்த டிக்கெட் போன மாதமே ரத்தாகிவிட்டது, மெயில் வந்திருக்குமே, ஓரமாக நில்லுங்கள் சார் என்றாள். மேனேஜர் இவரைப் பார்த்தார், இவர் என்னைப் பார்த்தார்.

"நான்தான் திருப்பிக் குடுத்தேன்" என்றேன்.

"பைத்தியமா நீ? என்னைக் கேக்காம எப்படிக் குடுப்ப?"

இதை அவரே கேட்கிறார். முகத்தில் கொஞ்சம் கூட வெட்கமில்லாமல் கேட்கிறார். அங்கேயே கத்தித் தீர்த்திருப்பேன். என்னவோ, அந்த ஜெர்சியைப் பார்த்ததும் கத்தவும் மனசு வரவில்லை. "என்னுது. குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

கோல் கம்பத்துப் பக்கத்துக் கம்பி வேலிக்கு வெளியே, பார்சல் லாரி நிற்கும் இடத்தில் ஒரு திண்டில் உட்கார்ந்தேன். உள்ளே பெருஞ்சத்தம். சுவர் போன் செய்தாள்.

"கேக்குதா? கார்னர். ரெண்டடி முன்னால வந்து நிக்கறா. நீ நிப்பியே, அப்படியே. குதிக்கறாடி... புடிச்சிட்டா!"

முடியும் வரை வைக்கவே இல்லை. அவள் சொல்லச் சொல்ல, உட்கார்ந்த இடத்திலேயே என் கைகள் இரண்டும் தானாக மேலே போய்ப் போய் வந்தன. லாரிக்காரர் பார்த்தார். பார்க்கட்டும்.

ஜூன் 9, செவ்வாய்

மூன்று நாளாக வீட்டில் பேச்சில்லை. நிம்மதியாக இருக்கிறது, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

ஜூன் 14, ஞாயிறு

காலையில் பழைய மைதானம். சுவர் கையுறை வாங்கி வந்திருந்தாள். பழைய டீமில் நான்கு பேர் வந்தார்கள், எல்லோருக்கும் தொப்பை. முழங்காலில் நல்ல சிராய்ப்பு. ஒரு பந்தை எட்டிப் பிடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது, நான் விட்டுப்போன போனைக் கையில் வைத்துக்கொண்டு, மேட்சுக்குப் பிறகு முதல்முறையாக இவர் வாயைத் திறந்தார்.

"உன் போன் திறக்க மாட்டேங்குது. நம்ம கல்யாண நாள்தானே?"

"இல்லை" என்றேன். கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டேன்.