வரம்பு வைத்த ஆட்டம்

பினாங்கு,
6-6-1943

அன்புள்ள சீனி அண்ணனுக்கு,

மதினிக்கு மலேரியாக் காய்ச்சல் இன்னும் விடவில்லை என்று உங்கள் தங்கை ஜன்னத் பாசாரில் சொல்லி அழுதாள். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்கள். அதனால் இதை அவளுடைய மரவள்ளிக் கூடையில் வைத்து அனுப்புகிறேன். ஆபீஸில் ரேஷனாகத் தந்த கொய்னா மாத்திரையில் பாதி இதோடு வருகிறது. மறுபாதியை நேற்றுத் தோற்றேன். திட்டுங்கள்.

எங்கள் குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி கந்தப்பு வீட்டில் சனிக்கிழமை மாலை போக்கர் சீட்டாட்டம். ஜப்பான்காரன் வாழைமரம் போட்டு அச்சடித்த நோட்டை யார் மதிக்கிறார்கள்? மாத்திரையை வைத்தே ஆடுகிறார்கள்; ஒரு தடவைக்கு ஒன்று, ஒரு சுற்றில் நாலு தடவைதான் ஏற்றலாம். மருந்தில்லாமல் ஜனம் சாகிறது. இவருடைய மேசையில் அது குவிந்து கிடக்கிறது. சீயாம் காட்டில் ஜப்பான்காரன் போடும் ரயில்பாதைக்கு ஆள் பிடிக்கப் பெயர் எழுதிக் கொடுப்பதும் இதே மனுஷன்தான். கூலிக்காரன், தள்ளுவண்டிக்காரன் என்று எழுதுவார். ஒரு கிராணியின் பெயரைக்கூட எழுதியதில்லை.

மதினிக்காக உட்கார்ந்தேன். கையில் ராஜா ஜோடி. கந்தப்பு ஏற்றினார். நான் மேலே ஏற்றாமல் சமமாகப் போட்டேன். பின்னால் இருந்த மூவரும் மலிவாக உள்ளே வந்துவிட்டார்கள். சீட்டு மாற்றியதும் ஸ்டோர் கிராணி அப்புத்துரை இரண்டு ஜோடியை விரித்து ஜெயித்தார்.

"தம்பி நல்ல பிள்ளை. பெரியவங்க ஏத்தினா மேல ஏத்தமாட்டாரு" என்று கந்தப்பு சிரித்தார். மேசை முழுவதும் சிரித்தது.

அன்புடன்,
ஆனந்தராஜா


பாகான் டாலாம்,
9-6-1943

அன்புத் தம்பிக்கு,

சலாம். என் மீ கடையில் கடனுக்கு நூடுல்ஸ் தின்றுகொண்டே போக்கர் படித்த லட்சணம் இதுதானா? நாலு பேரோடு மோதினால் ராஜா ஜோடியும் பிச்சைக்கார ஜோடிதான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

இது வரம்பு ஆட்டம். ஒரு தடவைக்கு ஒரு மாத்திரைதான் ஏற்றலாம். பெரிய தொகையைத் தள்ளி யாரையும் மிரட்ட முடியாது. பின்னால் இருக்கிறவனை விரட்ட முதல் சுற்றில்தான் வழி. ஒருவன் ஏற்றியதும் நீ அதற்கு மேல் ஏற்று. அடுத்தவனுக்கு நுழைவு விலை கூடிவிடும். குப்பைக் கையை வீசிவிட்டு எழுந்து போவான். ராஜாவோ ஆஸோ ஜோடியாக இருந்தால் தயங்காதே. எட்டு, ஒன்பது ஜோடியை வைத்துக்கொண்டு வீரம் காட்டாதே.

கந்தப்பு என்றதும் ஏன் பின்வாங்குகிறாய்? வரம்பு ஆட்டத்தில் என்ன போய்விடும்? ஒரு சுற்றில் நாலு மாத்திரை. அதற்கு மேல் போகாது.

உன் மதினிக்கு நேற்று நல்ல நடுக்கம். நடுக்கத்திலும் கேட்கிறாள்: "அந்தக் கிராணிப் பையன் சாப்பிட்டானா லா? எலும்பா இருக்கான்." இந்த மாத்திரை போதாது என்று ஆஸ்பத்திரி டிரசர் கையை விரித்துவிட்டார். நீ ஒருத்தன்தான் இருக்கிறாய்.

உன்
சீனி முகம்மது


பினாங்கு,
13-6-1943

அன்புள்ள அண்ணனுக்கு,

கூடையின் அடியில் துணிமுடிச்சைப் பாருங்கள். அத்தனையும் மதினிக்கு!

இந்த வார ரேஷன் மாத்திரையோடு உட்கார்ந்தேன், ஆஸ் ஜோடி வந்தது. கந்தப்பு ஏற்றினார். நான் மேலே ஏற்றினேன்.

"என்ன தம்பி, நான் ஏத்தினது காதுல விழலையா?"

"விழுந்துச்சு சார். அதுக்கு மேலதான்."

அப்புத்துரை சீட்டைப் போட்டுவிட்டார். மற்றவர்களும் போட்டுவிட்டார்கள். கந்தப்பு விடவில்லை, வரம்பு முட்டும்வரை ஏற்றினார். கடைசியில் அவரிடம் இருந்தது வெறும் ராணி ஜோடி. அதன்பிறகு கோபத்திலேயே ஆடினார். கோபக்காரனிடம் மாத்திரை தங்குமா?

எழுந்தபோது கேட்டார்: "இவ்வளவும் யாருக்கு?"

"பாகான் டாலாம்ல ஒரு மீ கடைக்காரர் சம்சாரத்துக்கு."

"கடைக்காரன், கூலிக்காரனுக்கெல்லாம் மருந்து குடுத்துக் கட்டுப்படியாகுமா?"

என் வாய் சும்மா இருக்கவில்லை அண்ணே. "சீயாமுக்கு அவங்களத்தானே அனுப்புறீங்க. உயிரோட இருந்தாத்தானே சார் அனுப்பலாம்?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அவர் சீட்டைக் கலைத்துக்கொண்டே, "அங்க கணக்கெழுதக் கிராணியும் வேணும்னு ஜப்பான்காரன் கேக்குறான் தம்பி" என்றார்.

வெறும் மிரட்டல். தன் சாதிசனமான கிராணிகளை அவர் தொடமாட்டார். எனக்கென்று மாத்திரை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. டவுனில் எனக்கு எதற்கு? மதினி எழுந்ததும் மீ பிரட்டித் தரச் சொல்லுங்கள்.

ஆனந்தராஜா


பாகான் டாலாம்,
27-6-1943

என் தம்பிக்கு,

உன் மதினி எழுந்துவிட்டாள். சுவரைப் பிடித்து அடுப்படிவரை போனாள். மாவு கிடைத்தால் உனக்கு மீ பிரட்ட வேண்டுமாம். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

நேற்று ஜன்னத் உன் ஆபீஸுக்குப் போனாள். உன் நாற்காலியில் வேறு ஆள். வியாழக்கிழமை பிறை ஸ்டேஷனிலிருந்து சீயாமுக்கு ஏற்றிவிட்டார்களாம். பெரிய கிராணி கொடுத்த பெயர் என்று பியூன் சொல்லியிருக்கிறான்.

பிறை எனக்கு நடக்கிற தூரம். வியாழக்கிழமை காலை லாரிகள் என் வாசல் வழியாகத்தான் போயின. ஆட்கள் சத்தம் போட்டார்கள். உன் மதினி மஹ்பூபாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நமக்கென்ன என்று எழுந்துகூடப் பார்க்கவில்லை.

அந்தக் காட்டில் காய்ச்சல்தான் முதலில் ஆளைத் தின்னுமாம். இனி இவளுக்கு மருந்து வேண்டாம் என்று டிரசர் சொல்லிவிட்டார். நாலு மாத்திரை மீதி.

நாலுக்கு மேல் போகாது என்று எழுதினேனே தம்பி. எதிரே இருந்தவனும் வரம்புக்குள்தான் ஆடுவான் என்று நம்பி எழுதினேன்.

நாலையும் இந்தத் தாளிலேயே மடித்து வைக்கிறேன். ஜன்னத் கூடையோடு நிற்கிறாள். "யார்கிட்ட குடுக்கணும்ணே?" என்கிறாள்.

உன் அண்ணன்,
சீனி