நாற்பது மோட்டார்களுக்கு ஒரு பதில்

வடவள்ளி, கோயம்புத்தூர்
17-3-2025

அன்புள்ள தம்பி திருமூர்த்திக்கு,

உன் பேத்தி கனிஷ்காவின் காதுகுத்து விருந்தில், கடைசிப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏனுங்க்கா, இங்கிலீஷ்ல ஹேவ் எங்க போடறது, ஹேட் எங்க போடறதுங்க?” என்று கேட்டாய். அதற்குள் ரசம் வந்துவிட்டது. முப்பத்திரண்டு வருஷம் இதையே சொல்லிக்கொடுத்தவள் பதில் சொல்லாமல் எழுந்து வந்தது உறுத்தலாகவே இருக்கிறது.

குழாயில் தண்ணீர் வந்திருக்கிறது என்றால் ஹேஸ். நடந்தது முன்பு, பலன் இப்போது; குடத்தை எடுத்துக்கொண்டு ஓடலாம். ஹேவ், ஹேஸ் இரண்டும் ஒரே குடும்பம். நான் குடத்தோடு போனபோது தண்ணீர் நின்றுபோயிருந்தது என்றால் ஹேட். போனதும் பழசு, நின்றதும் பழசு. இரண்டில் முந்தி நடந்ததற்குத்தான் ஹேட்.

நம்மவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு ஒன்று உண்டு. “நேத்து மாமா வந்திருந்தாருங்க” என்று பேசிப் பேசி, ஒற்றைச் சம்பவத்துக்கும் ஹேட் போட்டுவிடுவோம். தமிழில் அது சரி. இங்கிலீஷில் நேற்று என்று சொல்லிவிட்டால், வந்தார் என்பதற்கு வெறும் ‘கேம்’ போதும்.

எந்தக் கடிதத்துக்காகக் கேட்டாய்? தாளில் எழுதி அனுப்பு. போனில் வருகிற பொடி எழுத்தில் நான் எங்கே சிவப்பு மை வைப்பது? வயிற்றுப்புண்ணுக்கு மோர் குடிக்கிறாயா?

அன்புடன்,
அக்கா சென்னியம்மாள்

அன்னூர்
20-3-2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்ததுங்க. மோர் குடிக்கிறேன், குடிக்காமல் வீட்டில் கீதா விடுவதில்லை.

விசயம் இதுதான். ஜனவரியில் நம் கம்பெனியிலிருந்து கென்யாவில் நம்மிடம் வாங்குகிற பார்ட்டிக்குப் போன நீர்மூழ்கி மோட்டார்களில் நாற்பது, ஒரே மாதத்தில் புகைந்துவிட்டன. காரணம் கேட்கிறார்கள். பையன் மதன்குமார் எழுதினால் கம்ப்யூட்டர் எழுதினது மாதிரி இருக்கிறது. அதனால் நானே எழுதினேன்.

“ஆல் மோட்டார்ஸ் ஹேட் பீன் டெஸ்டட் இன் வாட்டர் பிஃபோர் தே லெஃப்ட் அவர் ஃபேக்டரி.” கம்பெனியை விட்டுக் கிளம்பும் முன்பே எல்லாவற்றையும் தண்ணீரில் முக்கிச் சோதித்திருந்தோம் என்று சொல்ல நினைத்தேன். அடுத்த வரியில், மோட்டாருக்குள் செப்புக்கம்பிக் காயில் கட்டிய அஃப்ஷீன் கவனமில்லாமல் வேலை செய்ததாகவும், அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறேன்.

ஹேட் சரிங்களா? அந்தக் கடிதத்தையும், அதோடு அனுப்பப்போகிற சோதனைத் தாளையும் கன்டெய்னர் தாளையும் இதில் வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள்.

தங்கள் தம்பி,
திருமூர்த்தி

வடவள்ளி
24-3-2025

அன்புள்ள தம்பிக்கு,

ஹேட் சரி. சோதித்தது முதலில், கிளம்பியது பிறகு என்று அந்த வரி தெளிவாகச் சொல்கிறது.

ஆனால் கன்டெய்னர் தாளில் ஜனவரி 13, போகியன்று கிளம்பியதாக இருக்கிறது. சோதனைத் தாளில் ஜனவரி 18. தூத்துக்குடிக்குப் போய்விட்ட மோட்டாரை அன்னூர்த் தொட்டியில் எப்படியப்பா முக்கினாய்? தேதி தவறு என்றால் திருத்து. தவறில்லை என்றால், எது முந்தி நடந்தது என்று எனக்கு எழுது.

அந்தப் பெண்ணை நிறுத்தியாகிவிட்டதா, இனிமேல்தானா?

அன்புடன்,
அக்கா

அன்னூர்
27-3-2025

அக்காவுக்கு,

நான் கேட்டது இங்கிலீஷ் மட்டும்தானுங்க. “அத்தை இன்னும் ரிட்டயர்டு ஆகலீங்களாட்ட இருக்குது” என்று மதன் சிரிக்கிறான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பே சோதிக்கிற ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கன்டெய்னர் வாசலில் நின்றது. “ஏத்துங்கப்பா, தாளைப் பொங்கல் கழிச்சு எழுதிக்கலாம்” என்று சொன்னது நான்தான். இருபத்திரண்டு வருஷத்தில் நம் மோட்டார் ஒன்றுகூட இப்படிப் புகைந்ததில்லை. அந்தத் தைரியம்.

உண்மையை எழுதினால் பார்ட்டி போய்விடும். இங்கே அறுபது குடும்பம் இருக்கிறது. அஃப்ஷீன் கைத்தொழில் தெரிந்தவள், வேறு இடம் கிடைக்கும். போன வெள்ளிக்கிழமையே நின்றுகொள்ளச் சொல்லிவிட்டேன். திருத்தி மட்டும் அனுப்புங்கள்.

திருமூர்த்தி

வடவள்ளி
29-3-2025

அன்புள்ள தம்பிக்கு,

உன் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மை படவில்லை. வாக்கியத்தில் பிழையில்லை, அப்படி நடக்கவில்லை என்பதுதான் குறை. அதைத் திருத்த என்னால் ஆகாது.

அறுபது குடும்பத்தின் கவலை லேசானதல்ல. ஆனாலும் ஒன்று மட்டும் செய். அஃப்ஷீனைக் கூப்பிட்டு, அவளைப் பற்றி எழுதியதைத் தமிழில் அவளுக்குப் படித்துக் காட்டு. அவள் முகத்துக்கு நேராகப் படிக்க முடிந்தால் அனுப்பிவிடு. நான் மறுபடி இதைப் பற்றிப் பேச மாட்டேன்.

அன்புடன்,
அக்கா

அன்னூர்
5-4-2025

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று நாள் கோபமாகத்தான் இருந்தேனுங்க. நேற்று அவளை வரச்சொன்னேன். உட்காரச் சொன்னதற்கு, “பரவால்லீங்க” என்று நின்றுகொண்டே கேட்டாள். முழுதும் படித்து முடித்தேன்.

“என்ர காயில்ல பிழைன்னா தொட்டியிலயே தெரிஞ்சிருக்குமுங்களே மொதலாளி. தொட்டியில முக்குனது யாருன்னு அதுல காணமுங்களே?” என்றாள்.

அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மதனைப் பார்த்தேன், அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தாளை அவள் எதிரிலேயே கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொன்னேன். “மொதல்ல கடிதாசியை மாத்தி எழுதிப்போட்டுச் சொல்லுங்க. அப்பறம் வாரேன்” என்று போய்விட்டாள்.

சோதிக்காமல் அனுப்பினோம், சொன்னது நான், நாற்பதுக்கும் புது மோட்டார் தருகிறோம் என்று எழுதப்போகிறேன். பார்ட்டி நம்மிடமே நிற்குமா தெரியவில்லை. இதற்கு ஹேவ் வருமா, ஹேட் வருமா?

தங்கள் தம்பி,
திருமூர்த்தி

வடவள்ளி
8-4-2025

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டும் வேண்டாம். “வீ டிட் நாட் டெஸ்ட் தீஸ் மோட்டார்ஸ்” என்று நேராக எழுது. இன்ன நாளில் நடந்து முடிந்துபோன ஒரே காரியத்துக்கு வெறும் இறந்த காலம் போதும். அடுத்த வரியை ‘ஐ’ என்று தொடங்கு. ‘வீ’ என்று எழுதி அறுபது பேருக்குப் பின்னால் நின்றுகொள்ளாதே.

பார்ட்டி போனால் கஷ்டம்தான். சனிக்கிழமை வருகிறேன், உட்கார்ந்து பேசுவோம். கீதாவிடம் சொல்லிவை.

உனக்கு ஒரு வீட்டுப்பாடம். கடிதம் போனதும் அஃப்ஷீனிடம் நீயே போய்ச் சொல். அவள் வந்து காயில் மேசையில் உட்கார்ந்த பிறகு, அவள் திரும்பி வந்திருக்கிறாள் என்பதை ஹேஸ் போட்டு ஒரே வரியில் எழுதிப் பார்.

அன்புடன்,
அக்கா சென்னியம்மாள்