ஸ்டெய்ன்செல் பட்டிக் கதவு

ஸ்டெய்ன்செல் பண்ணை
ஜூன் 19, 2024

அன்புள்ள யோருன் அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலம் என்று பத்திரிகையில் வந்த உன் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். படத்தில் உனக்குப் பின்னால் என் கதவு நிற்கிறது.

போனில் பேசினால் நீ அழுவாய், நான் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். நாற்பத்தாறு வருஷமாக இதுதான் நடக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

பனி உருகி, ஆடுகளைக் குட்டிகளோடு மலைக்கு ஓட்டிப்போனபோதுதான் ஊர்ப் பட்டிப் பக்கம் போனேன். பன்னிரண்டு பண்ணைக்குப் பன்னிரண்டு அடைப்பு, ஒவ்வொரு கதவிலும் பண்ணையின் பெயர். நம்முடையதில் வெறும் கீல் தொங்குகிறது. காற்று பிய்த்துக்கொண்டு போய்விட்டது என்று ஆற்றங்கரை வரை தேடினேன், மடையன் மாதிரி. பக்கத்துப் பண்ணை சிக்வால்டிதான் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினான். காட்டிவிட்டு, "ஏன்டா, ஆட்ட விடறேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? உன் பெட்டை ஆடுங்கள நானே எடுத்துக்கறேன், வெளியாளுக்குக் குடுத்துடாத" என்றான்.

இந்தப் பள்ளத்தாக்கில் கதவைக் கழற்றினால் ஆடு வளர்ப்பையே விட்டாயிற்று என்று அர்த்தம், உனக்குத் தெரியாதா? நீயும் இங்கேதானே பிறந்தாய்? இப்போது நான் கடைக்குப் போனால் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரிக்கிறார்கள்.

செப்டம்பர் 14, மலையிலிருந்து இறங்கும் ஆடுகளைப் பண்ணைவாரியாகப் பிரிக்கும் நாள். அதற்குள் கதவு வந்தாக வேண்டும்.

உன் தம்பி,
எய்விண்டுர்


ரெய்க்யாவிக்
ஜூன் 27

என் அன்புத் தம்பி எய்விக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழத்தான் செய்தேன். அதற்குப் போன் தேவைப்படவில்லை.

நான் திருடிக்கொண்டு வந்ததுபோல் எழுதியிருக்கிறாயே. ஈஸ்டர் விருந்தன்று நீ சொன்னது மறந்துவிட்டதா? பிரென்னிவின் சாராயப் பாட்டில் பாதிக்கு மேல் காலி. சோபாவில் சாய்ந்துகொண்டு, "எடுத்துட்டுப் போக்கா. இந்த வருஷத்தோட சரி. இனிமே ஆடும் வேணாம், கதவும் வேணாம்" என்றாய். அதனால்தான் ரெய்க்யாவிக் திரும்பும் வழியில் பனியைத் தோண்டிக் கழற்றினேன். என் விரல் நகம் ஒன்று போயிற்று, தெரியுமா?

அருங்காட்சியகத்தில் நடக்கும் இந்தக் கண்காட்சி முழுக்க அன்றாடம் புழங்கும் கைவேலைப் பொருள்கள்தான். வலை மிதவை, கம்பளி முறுக்கும் கதிர், பால் வாளி. ஆனால் வருகிறவர்கள் நிற்பது உன் கதவுக்கு முன்னால்தான். பதினைந்து வருஷம் ஆடுகள் உரசி உரசி, கம்பளிப் பிசுக்கேறிப் பளபளக்கும் அந்த விளிம்பை யாராலும் செய்துவிட முடியாது. செப்டம்பரில் அருங்காட்சியகமே அதை வாங்கப்போகிறது. இருபத்திரண்டு வருஷம் மாலை வகுப்பில் மற்றவர்களுக்கு மண் பிசையச் சொல்லிக்கொடுத்தவளுக்கு இது முதல் தடவை. கொஞ்சம் சந்தோஷப்படேன்.

முத்தங்களுடன்,
அக்கா யோருன்


ஸ்டெய்ன்செல்
ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

புல் அறுப்பு முடியும்வரை பேனா பிடிக்க நேரமில்லை. முடிந்ததும் ரெய்க்யாவிக் வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. சட்டைப் பையில் திருப்புளி வைத்திருந்தேன். ஆமாம், கழற்றத்தான் வந்தேன்.

வெள்ளைச் சுவரில் விளக்குப் போட்டு நிறுத்தியிருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கீல் பக்கம் கை வைத்தேன். காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்து, "தொடாதீங்க, தொடாதீங்க" என்றாள்.

"இது நான் செஞ்சதும்மா."

"வர்றவங்க எல்லாரும் இதேதான் சொல்றாங்க, நானே செஞ்சிருப்பேன்னு. போய் உக்காருங்க."

உட்கார்ந்தேன். அப்போதுதான் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தேன். உன் பெயர். கீழே, 'கண்டெடுத்த பொருள்.' எங்கே கண்டெடுத்தாய் அக்கா? நான் எப்போது தொலைத்தேன்? கடல் ஒதுக்கிய கட்டையை டிராக்டரில் இழுத்துவந்து, அறுத்து, இழைத்து, பெயர் எழுதியவன் நான். எழுத்து கோணல் என்று நீயே கேலி செய்திருக்கிறாய்.

ஈஸ்டரன்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்குச் சத்தியமாக நினைவில்லை. ஆனால் குடித்திருந்தேன், அதை மறுக்க முடியாது. மலையில் ஆடு திரட்டப் போகிறவர்களின் பட்டியலை டோர்ஃபி ஒட்டிவிட்டார். ஆடு திரட்டலுக்குத் தலைவர் அவர்தானே, நம் மலைராஜா, அவர் வைத்ததுதான் சட்டம். அதில் என் பெயர் இல்லை. கேட்டதற்கு, "விட்டுட்டுப் போறவனுக்கு எதுக்குடா சிரமம்னு பாத்தேன்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

எய்விண்டுர்


ரெய்க்யாவிக்
ஆகஸ்ட் 15

அன்புத் தம்பி,

என் வீட்டுக்கு வராமலே திரும்பிவிட்டாயே! இதை எப்போதும் மறக்க மாட்டேன்.

அட்டை வாசகம் நான் எழுதியதில்லை, அருங்காட்சியகத்தார் எழுதியது. கண்ணில் பட்டும் மாற்றச் சொல்லாதது என் தப்புதான். நாளைக்கே மாற்றச் சொல்கிறேன்.

ஒரு வழி தோன்றியது. நாடக அரங்குகளுக்கு மரவேலை செய்கிற ஒருவர் அச்சு அசலாக இன்னொரு கதவு செய்து தருகிறார், உன் கோணல் எழுத்து உள்பட. அதைப் பட்டியில் மாட்டிக்கொள். ஆடுகளுக்கா வித்தியாசம் தெரியப்போகிறது?

இன்னொன்று. கதவு என்னுடையதுதான் என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டும் என்கிறார்கள். 'அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன்' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. என் கண்ணல்லவா.

அக்கா


ஸ்டெய்ன்செல்
செப்டம்பர் 3

அக்காவுக்கு,

ஆடுகளுக்கு வித்தியாசம் தெரியாதென்றால் அருங்காட்சியகத்துக்கு மட்டும் எப்படித் தெரியும்? நகலை அவர்களிடமே கொடுக்கலாமே. இதைத்தான் முதலில் எழுத உட்கார்ந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

நீ கேட்ட தாள் இத்துடன் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கோடை முழுக்க இதே யோசனைதான். வேலி கட்டும்போதும் யோசிக்கிறேன், சாப்பிடும்போதும் யோசிக்கிறேன். குடித்தவன் வாயில் வருவது உள்ளே கிடப்பதுதானே? நானே சொல்லியிருக்கிறேன் என்றால் எனக்கே அலுத்துப்போயிருக்கிறது, நான்தான் ஒப்புக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் புரிந்துகொண்டது, நீயும் புரிந்துகொண்டாய், எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது. சிக்வால்டியிடம் சரி என்று சொல்லிவிட்டேன். 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறான். நூற்றைம்பது பெட்டை ஆடுகளையும் அவன் பெயருக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

அதற்குப்பின் என்ன செய்வேன் என்று கேட்காதே. தெரியாது.

எய்விண்டுர்


ரெய்க்யாவிக்
செப்டம்பர் 10, விரைவுத் தபால்

எய்வி,

காலையிலிருந்து ஒன்பது முறை போன் செய்துவிட்டேன். எடுக்க மாட்டேன் என்கிறாய். இந்தக் கடிதம் வியாழனுக்குள் உன் கையில் கிடைக்க வேண்டும்.

நீ சொல்லவில்லை.

ஈஸ்டரன்று நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாய். கதவை எடுத்துக்கொள்ளட்டுமா என்று நான் கேட்டேன். நீ குறட்டை விட்டாய். அதைச் சம்மதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் ஜூன் கடிதம் வந்தபோது பயந்துபோய் அந்த வார்த்தைகளை இட்டுக்கட்டினேன். அதை நீ நம்புவாய் என்று நினைத்தேன், நம்பிக்கொண்டு இவ்வளவு தூரம் போவாய் என்று நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

ஆட்டைக் கொடுக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன், கொடுக்காதே.

உன் தாளைக் கிழித்துவிட்டேன். கதவு என் தம்பியுடையது, கேட்காமல் எடுத்தேன் என்று அருங்காட்சியக இயக்குநரிடம் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வாங்கவில்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார். கண்காட்சி முடியும்வரை எதையும் நகர்த்த விடமாட்டார்களாம். 30ஆம் தேதி லாரியில் ஏற்றிவிடுகிறேன். சனிக்கிழமைக்கு உதவாது, தெரியும்.

திட்டியாவது எழுது.

யோருன்


ஸ்டெய்ன்செல்
செப்டம்பர் 16

யோருனுக்கு,

கடிதம் வியாழன் மத்தியானம் வந்தது. உடனே சிக்வால்டியிடம் போனேன். "எனக்கு ஆடு வேணும்டா, குடுக்கல" என்றேன். "அப்பாடா, எங்க வீட்ல இவ்ளோ ஆட்ட எங்கடா கட்டறதுன்னு சண்டையே நடந்துச்சு" என்றான்.

சனிக்கிழமை கதவில்லாத இடைவெளியில் நானே நின்றேன். காலை எட்டிலிருந்து இரண்டு மணிவரை, ஒவ்வொரு ஆடு வரும்போதும் ஒதுங்கி, மறுபடி அடைத்துக்கொண்டு. ஒரு கிழட்டு ஆடு முட்டியதில் என் முழங்கால் வீங்கியிருக்கிறது. டோர்ஃபி மதில்மேல் நின்று, "என்னடா எய்வி, கதவு எங்கடா?" என்று கத்தினார். "நான்தான் கதவு, உள்ள தள்ளுங்க" என்றேன். பட்டியே சிரித்தது. சாயங்காலம் சூப் குடிக்கும்போது அவராகவே, "அடுத்த வருஷம் ஆடு திரட்டக் கெழக்குச் சரிவு உன்னோடது, நல்ல பூட்ஸ் வாங்கிக்க" என்றார். கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். சூப் சூடு என்று சொல்லிச் சமாளித்தேன்.

கதவு வரட்டும், மாட்டிக்கொள்கிறேன். அதை எடுத்ததற்கான கோபம் போய்விட்டது. உண்மையைச் சொல்ல நீ எதை இழந்தாய் என்றும் எனக்குத் தெரியும்.

ஆனால் மூன்று மாதம் என் மனசை நான் சந்தேகப்பட்டேன். என் கையால் செய்ததையெல்லாம் பார்த்து, இது எனக்கு வேண்டாம்போல இருக்கிறது என்று என்னையே நம்பவைத்தேன். சொன்னதே நினைவில்லை என்று நான் எழுதியதைப் படித்துவிட்டும் நீ கையெழுத்துக் கேட்டாய். அது மட்டும் போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை.

இந்த வீட்டுக்குள் நீ ஒருநாளும் கதவைத் தட்டி வந்ததில்லை. நேராக அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டுக்கொள்வாய். இனிமேல் வந்தால் தட்டு. நான் வந்து திறக்கும்வரை வெளியே நில்.

எய்விண்டுர்