படத்தில் இல்லாத திங்கட்கிழமை

அக்கா,

டிவி மேசைக்குப் பின்னால் எறும்பு புற்று வைத்துவிட்டது என்று நேற்று மேசையை இழுத்துப் போட்டுக் கூட்டினேன். சுவரோரம் ஒரு டிவிடி உறை கிடந்தது. பிளாஸ்டிக் மஞ்சள் பூத்துப்போய், உள்ளே இருந்த படத்தாள் ஈரம் குடித்துச் சுருண்டிருந்தது. முந்தானையால் துடைத்துப் பார்த்தால் நம் படம். தலையை ஒரு பக்கம் சாய்த்து வாயைப் பிளந்துகொண்டு அந்த நடிகர், பக்கத்தில் ரெட்டைச் சடை போட்ட அந்த நடிகை. கோலா சிலாங்கூர் பசார் மாலாம் இரவுச் சந்தையில் நீங்கள் தேடி வாங்கியது. மோட்டார் சைக்கிள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் வாசலில் நின்று, "டீச்சர், இந்தப் படத்துல ரெண்டு பேருமே நம்ம பிள்ளைங்க மாதிரியாம்லா, கல்யாணமே ஆவுதாம்" என்று நீங்கள் சொன்னது நேற்றுச் சொன்னதுபோல் இருக்கிறது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எறும்பு காலில் ஏறிக் கடித்த பிறகுதான் எழுந்தேன்.

நாம் பழகியதே மையத்தின் வேனால்தான். உங்கள் ஸ்டெல்லாவும் என் முரளியும் ஒரே வேனில் போய் ஒரே வேனில் திரும்புவார்கள். உங்கள் வீட்டிலும் ஆண் துணை இல்லை, என் வீட்டிலும் இல்லை. நீங்கள் கையுறைத் தொழிற்சாலையில் காலை வேலை முடித்துவிட்டு வருவீர்கள், நான் பாலர் பள்ளியை மூடிவிட்டு வருவேன். மையத்தின் பெயர்ப்பலகையில் 'சிறப்புக் குழந்தைகள்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் குழந்தைகளில் பாதிப் பேர் சவரம் செய்துகொள்கிறவர்கள். அன்று முரளிக்கு இருபத்தொன்பது, ஸ்டெல்லாவுக்கு இருபத்தேழு.

மையத்தில் அவன் குரோப்போக் மீன் அப்பளத்தை நிறுத்துப் பொட்டலத்தில் போடுவான், அவள் மெஷினில் பொட்டலத்தின் வாயை ஒட்டுவாள். யாராவது அவசரப்படுத்தினால் முரளிக்குக் கை நடுங்கி எல்லாம் கொட்டிப்போகும். ஸ்டெல்லா அவசரப்படுத்தமாட்டாள். பொட்டலம் வரும்வரை மெஷினில் கை வைத்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதை நாம் இருவரும் நம் கண்ணால்தான் பார்த்தோம். பார்த்துவிட்டு, "ரெண்டும் நல்ல ஃபிரெண்டு" என்று பேர் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டில் நால்வரும் படம் பார்ப்பதுதான் வழக்கம். ரிமோட் உங்கள் மடியில்தான் இருக்கும். படத்தில் நம் பிள்ளைகள் மாதிரி யாராவது வந்தாலே நான் முரளியைத்தான் திரும்பிப் பார்ப்பேன். நகைச்சுவைக்காரருக்குப் பக்கத்தில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒருத்தன் வருவான், போகிற வருகிற பெண்ணையெல்லாம் துரத்துவான், செருப்படி வாங்குவான். "மாதாவே, இவன் வாயில எச்சி ஒழுகாட்டி டைரக்டருக்குச் சோறு எறங்காதா?" என்று நீங்கள் சேனலை மாற்றுவீர்கள். இன்னொரு படத்தில் கதாநாயகனே அப்படி. அவன் ஒரு நல்ல பெண்ணை விரும்புவான், அவள் அவன் தலையைத் தடவிச் சோறு ஊட்டுவாள், கடைசியில் மண்டையில் அடிபட்டுத் தெளிந்துவிடுவான். அன்றைக்கு நீங்கள் எழுந்தே நின்றுவிட்டீர்கள். "அப்ப எம்மவ தலையில எத்தன அடி போட்டா சரியாவும்? கேட்டுச் சொல்லு டீச்சர்!" ஸ்டெல்லா பயந்து தலையைக் கையால் மூடிக்கொண்டாள். நீங்கள் அவளைக் கட்டிக்கொண்டு, "சும்மா சொன்னேன்லா" என்று சிரித்தீர்கள்.

இரண்டு பேரும் ஒரே மாதிரி, ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள் என்று ஒரு படத்தை நாம் பார்த்ததே கிடையாது. அதனால்தான் அந்த டிவிடி நமக்குத் தீபாவளியும் கிறிஸ்மஸும் ஒன்றாக வந்த மாதிரி இருந்தது.

நல்ல படம்தான் என்று அன்று நினைத்தோம். ஓர் இல்லத்தில் இருக்கிறார்கள் இருவரும். பூப்பறித்துக் கொடுக்கிறார்கள், மழையில் ஆடுகிறார்கள், பலூன் விடுகிறார்கள். கல்யாணம் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். இல்லத்து அம்மா பெரிய மனது பண்ணி ஒரு விளையாட்டுக் கல்யாணம் நடத்திவைக்கிறார். ஊரே கண்ணைத் துடைத்துக்கொள்கிறது, கேமரா வானத்துக்குப் போகிறது, படம் முடிகிறது. நாம் அழுத அழுகையில் ஒரு டிஷ்யூ பெட்டி காலி. பிள்ளைகள் இருவரும் அழவில்லை. ஸ்டெல்லா கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, அவங்க வீடு எங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"அதான் அந்த இல்லம்."

"ரெண்டு பேரும் எங்க தூங்குவாங்க?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். "காப்பி போடறேன்" என்று எழுந்து போய்விட்டேன். அந்தக் கேள்விக்கு அன்றே உட்கார்ந்து பதில் யோசித்திருந்தால் பின்னால் அத்தனை பாடு இல்லை.

மறுநாளிலிருந்து முரளி ஆரம்பித்துவிட்டான். "அம்மா, எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் கல்யாணம்." காலையில் பல் துலக்கும்போது, வேனில் ஏறும்போது, குளிக்கும்போது. உங்கள் வீட்டிலும் அதே பல்லவிதான் என்றீர்கள். விளையாட்டுக் கல்யாணம் என்று வாயைத் திறந்தது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். "அந்தப் படத்துல வர்ற மாதிரியே செஞ்சிருவோம் அக்கா, ஆசை தீந்துரும்." ஆனால் ஸ்டெல்லாவுக்கு வெள்ளைத் துணியில் முக்காடு தைத்தது யார்? இப்போது எல்லாப் பழியையும் என் தலையில் கட்ட முடியாது.

முப்பது வருஷம் பாலர் பள்ளியில் மாறுவேடப் போட்டி நடத்தியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஸ்டெல்லாவின் பிறந்தநாள் சனிக்கிழமையில் வந்தது. கிரேப் தாளில் இரண்டு மாலை கட்டினேன். மஞ்சள் ரிப்பனில் தங்கத்தாளை வெட்டி ஒட்டினேன். மையத்திலிருந்து எல்லாரும் வந்தார்கள், கேக் வெட்டினோம், மாலை மாற்றினார்கள். ரிப்பனைக் கட்டும்போது முரளிக்குக் கை நடுங்கியது. ஸ்டெல்லா அசையாமல் நின்றாள். சுற்றி இருந்தவர்கள் கைப்பேசியைத் தூக்கிப்பிடித்து "ஐயோ, கியூட்லா" என்று உருகினார்கள். அன்று சாயங்காலமே வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. தெய்வக் குழந்தைகள் என்று எவரெவரோ எழுதியிருந்தார்கள். நாம் பெருமையில் உப்பிப்போய் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தோம்.

படம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது. நமக்குத் திங்கட்கிழமை வந்தது.

மையத்து வேன் மூன்று மணிக்கு என் வாசலில் நின்றது. முரளி இறங்கினான். அவனுக்குப் பின்னால் ஸ்டெல்லா இறங்கினாள். நாம்தான் பேசி வைத்திருக்கிறோம் என்று நினைத்து டிரைவர் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். அவள் கையில் ஒரு துணிப்பை, கக்கத்தில் தலையாணி. பையில் இரண்டு நைட்டி, பல் துலக்கும் பிரஷ், செபமாலை, மாற்றுத்திறனாளி என்று அரசாங்கம் கொடுத்த அவளுடைய ஓக்கேயூ அட்டை. எல்லாவற்றையும் அவளே அடுக்கியிருந்தாள்.

"நான் வந்துட்டேன், அத்தை" என்றாள். அதுவரை நான் அவளுக்கு ஆன்ட்டி.

முரளி அவள் பையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போனான். பின்னாலேயே ஓடினேன். அலமாரியைத் திறந்தான். அவன் சட்டையெல்லாம் ஒரு பக்கமாக நெருக்கி மாட்டியிருந்தது, மறுபாதி காலியாக இருந்தது. எப்போது ஒதுக்கி வைத்தான் என்றே எனக்குத் தெரியாது.

"முரளி, அன்னைக்குச் செஞ்சது சும்மா விளையாட்டுக்குடா" என்றேன்.

"நான் விளையாடல" என்றான். சத்தம் போடவில்லை, அழவில்லை. அவ்வளவுதான் சொன்னான்.

ஸ்டெல்லா வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "அத்தை பொய் சொல்லுச்சா?" என்று அவனைக் கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாட்டுச் சொல்லிக்கொடுத்த வாய்!

நீங்கள் மோட்டாரில் பறந்து வந்தீர்கள். "உன் பேச்சக் கேட்டு ஆடுனேன் பாரு, என்னைச் சொல்லணும்டி" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துப் போனீர்கள். அவள் தலையாணியை மட்டும் விடவில்லை. அதற்குப் பிறகு அவளை மையத்துக்கே அனுப்பவில்லை. என் போனையும் எடுக்கவில்லை. நாலு மாதம்! அவள் மெஷினில் வேறு யாரோ உட்கார, முரளி கொட்டிக்கொண்டே இருந்தான். அலமாரியின் காலிப் பாதியில் நான் துண்டுகளை அடுக்கினேன். அவன் அத்தனையையும் எடுத்துக்கொண்டு வந்து என் கட்டிலில் வைத்தான். இரண்டு முறை அடுக்கினேன், இரண்டு முறையும் எடுத்துவிட்டான். பிறகு நானும் விட்டுவிட்டேன்.

ஒரு காலையில் நீங்களே வந்தீர்கள். மெலிந்து பாதியாக இருந்தீர்கள். என்ன என்று கேட்டேன். மார்பில் கட்டி, பரவிவிட்டது என்று பசாரில் மீன் விலை சொல்வதுபோல் சொன்னீர்கள். மூன்று மாதமாகத் தெரிந்திருந்தும் என்னிடம் சொல்லவில்லை. அதற்காக உங்கள்மேல் எனக்கு இன்றும் கோபம்தான் அக்கா, செத்துப்போனீர்கள் என்பதற்காகவெல்லாம் அது குறையாது.

"நான் போனா இவ கதி என்னான்னு கேக்க வந்தேன்னு நெனைக்காத" என்றீர்கள். "அதுக்கு வரல. அவள நான் வீட்டுல வெச்சிக்கிட்டது அவ நல்லதுக்குன்னு ஊர்ல சொன்னேன். பொய்லா டீச்சர். அவ போய்ட்டா நான் யாருக்குத் தோசை சுடுவேன்? யாரு தலையப் பின்னி விடுவேன்? எனக்கு ஒரு குழந்த வேணும்னு அவளக் குழந்தையாவே வெச்சிருந்தேன்."

நான் மட்டும் என்ன செய்தேன்? முப்பது வயது மீசைக்காரனுக்கு நெற்றியில் திருநீறு பூசி, முகத்தைத் துடைத்து, தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டி வேனில் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் படத்து இல்லத்து அம்மாவும் சந்தோஷத்தில்தான் அழுதாரா என்று எனக்கு இப்போது சந்தேகம். கல்யாணமும் ஆயிற்று, பிள்ளைகளும் எங்கேயும் போகவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இதைவிட வசதியான முடிவு ஏது? நாம் அழுததும் அந்த நிம்மதியில்தான்.

அதன்பின் எல்லாம் நிஜமாகவே நடந்தது. நால்வரும் கிளினிக்கில் நர்ஸிடம் போய் உட்கார்ந்தோம். குடும்பக் கட்டுப்பாடு பற்றி அவர் பேசியபோது வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டது நாம் இருவர்தான். முரளியும் ஸ்டெல்லாவும் கேள்வி கேட்டார்கள். பதிவு அலுவலகத்துக்கும் நால்வராகவே போனோம். யாரும் கைப்பேசியைத் தூக்கக்கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த மலாய்ப் பெண் அதிகாரி ஸ்டெல்லாவைப் பார்த்து, சம்மதமா என்று மலாயில் நிதானமாகக் கேட்டார். "சம்மதம், சம்மதம்" என்று நாம் இருவரும் முந்திக்கொண்டு கத்தினோம். அவர் சிரிக்காமல், "மக்சிக், நான் உங்களைக் கேட்கவில்லை, அவரைக் கேட்கிறேன்" என்றார். நாம் இருவரும் வகுப்பில் திட்டு வாங்கிய பிள்ளைகளாகக் கையைக் கட்டிக்கொண்டோம்.

ஸ்டெல்லா அவசரப்படவில்லை. முரளியை ஒரு முறை பார்த்தாள். "சம்மதம். தலையாணி கொண்டாந்திருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு நீங்கள் எட்டு மாதம்தான் இருந்தீர்கள். அவள் இல்லாத வீட்டில் உங்களுக்கு என்ன பாடாக இருந்திருக்கும் என்று நான் கேட்டதில்லை. ஞாயிறுதோறும் விருந்தாளி மாதிரி வந்து, மகள் ஊற்றிக் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனீர்கள். சர்க்கரை கூட இருந்தாலும் குறை சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று என்னைக் கிட்டே கூப்பிட்டீர்கள். ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொள் என்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வேறொன்று சொன்னீர்கள். "டீச்சர், அதுங்க ரூம்புக்குள்ள தட்டாம போவாத. எம்மவளுக்கு நான் பாத்ரூம் கதவக்கூட சாத்த விட்டதில்ல. நீயாவது தட்டு."

எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில் நான் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பதா? சாகக் கிடப்பவரிடம் சண்டை போட முடியாதே என்று தலையாட்டினேன். பாலர் பள்ளிக் கழிவறைக்கு நாங்கள் தாழ்ப்பாள் வைப்பதில்லை, பிள்ளைகள் உள்ளே மாட்டிக்கொள்வார்கள் என்ற பயம். அதே பயத்தில் முரளியின் அறைக்கும் நான் தாழ்ப்பாள் வைத்ததில்லை. உங்களை அடக்கம் செய்த மறுவாரம் தச்சரை வரச்சொல்லி, உள்பக்கமாக ஒன்று பொருத்தச் சொன்னேன். முதல் இரண்டு நாள் எனக்குத் தூக்கமே இல்லை. ஐந்தாவது வருஷம் நடக்கிறது, இன்றுவரை ஒன்றும் ஆகவில்லை. மறந்துபோய்த் தள்ளிக்கொண்டு நுழையப் பார்த்த நாள்களும் உண்டு, பொய் சொல்லமாட்டேன். தாழ்ப்பாள் என்னைத் தடுத்திருக்கிறது. இப்போது கை தானாகவே தட்டுகிறது.

இன்று காலையும் காப்பியோடு போய்த் தட்டினேன்.

"யாரு?" என்றாள் ஸ்டெல்லா.

இந்த வீட்டில் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் கேட்டால் பதில் சொல்லத்தானே வேண்டும். "நான்தான், அத்தை."

உள்ளே ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு அவள் குரல் தெளிவாக வந்தது. "இப்ப வராதீங்க அத்தை."

சரி என்று சொல்லித் திரும்பினேன். எனக்குப் பின்னால் கதவுக்கு அந்தப் பக்கம் முரளி சிரித்தான். பெற்றதிலிருந்து அவனைக் கைக்குள்ளேயே வைத்து வளர்த்தவள் நான். அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை, அக்கா.