டீச்சர் பெயர் இல்லாத ஒப்பந்தம்

ஜூலை 8, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. எங்கள் கிள்ளான் பள்ளியில் மாலை வாசிப்பு வகுப்பு நடத்தும் கம்பெனி, அடுத்த தவணை கவிதா டீச்சரைப் பங்சாரிலுள்ள வேறொரு பள்ளிக்கு மாற்றுகிறதாம். அவருக்கே இஷ்டமில்லை. வகுப்பில் வாயே திறக்காத என் மகள் அவரிடம்தான் சத்தமாக வாசிக்கிறாள்.

கம்பெனிக்காரனிடம் சண்டைக்குப் போனேன்.

"அங்கிள், ஒப்பந்தத்துல 'ஒரு ஆசிரியர்'னுதான் இருக்கு, பேரு இல்லையே லா. நீங்கதானே சைன் பண்ணீங்க?" என்று சொல்லி, அடுத்த தவணைக்கான ஒப்பந்தத்தையும் நீட்டினான்.

பெற்றோர் சங்கத் தலைவர் நான்தான். பழைய ஒப்பந்தத்தில் இருப்பது, புதுப் பேனா வாங்கிப்போய், படிக்காமல் நான் போட்ட கையெழுத்து. அழகாகத்தான் இருந்தது.

மனைவி கேட்டாள்: "சரக்குச் சீட்டுல லோரி நம்பர் இல்லாம கையெழுத்துப் போடுவீங்களா?"

இருபது வருஷமாக லோரி ஓட்டுகிறேன். ஒருநாளும் போட்டதில்லை. லோரி விஷயத்தில் இருந்த புத்தி டீச்சர் விஷயத்தில் எனக்கு இல்லாமல் போச்சு.

இப்போது புது ஒப்பந்தத்தில் 'ஒரு ஆசிரியர்' என்பதை அடித்துவிட்டு, டீச்சரின் முழுப் பெயரையும் 'வருஷக் கடைசி வரை' என்றும் எழுதிவிட்டேன். அதே பேனாதான். முதலில் அவன் கையெழுத்துப் போடட்டும், அப்புறம் நான். எழுத்து கோணலாக இருக்கிறது. இருக்கட்டும், அழிக்க மாட்டேன்.