உன் செம்பளவில் நீந்துகின்றன, அக்கா

என் கூடப்பிறந்த பேச்சியக்காவுக்கு,

மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, கோணல்தான். ஆனால் சேதி நேரானது.

உன் கொழுந்தன் மாடசாமி கண்மாய்க் கரையில் நின்று சொன்னதில் ஒரு சொல்கூட எனக்கு மறக்கவில்லை. “மதினி வயல்ல பூச்சிக்கு அடிக்குற எருக்கஞ்சாறு வழிஞ்சுதான் கண்மாய்ல கெடந்த கூனி எறா அம்புட்டும் செத்துப்போச்சு.” அன்றிலிருந்து நீ ஊருக்குக் ‘கூனியைக் கொன்னவ’. அந்தப் பேரோடுதானே போய்ச் சேர்ந்தாய்?

கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படிக்கிற உன் பேத்தி செல்வி இப்போது செடிச்சாறுகளைச் சோதிக்கிறாள். தட்டில் ஈரத்தாள் விரித்துப் பயறு பரப்பி, சாறு விட்டால் முளைக்கிறதா என்று பார்க்கிறாள். கூனிக்குச் சொந்தமாம், கடுகைவிடச் சின்ன ஒரு நீர்ப்பூச்சி. அதைச் சாற்றுத் தண்ணீரில் விட்டு எத்தனை பிழைக்கிறது என்று எண்ணுகிறாள். “ஒங்க ஆச்சி எருக்கஞ்சாறையும் போட்டுப் பாருட்டி” என்று நானேதான் சொன்னேன்.

முதல் தடவை ஒரு பயறும் வெடிக்கவில்லை. பூச்சிகள் எல்லாம் அடியில் கிடந்தனவாம். அப்படியென்றால் மாடசாமி சொன்னது நிசமா?

பொறவுதான் கேட்டேன்.

“எம்புட்டுத் தண்ணி கலந்தே?”

“ஒண்ணுக்கு நாலு, சின்னாச்சி.”

“ஏட்டி, கெடுத்தியே! ஒரு செம்புக்கு ரெண்டு குடம்லா ஒங்க ஆச்சி அளவு!”

செம்பும் குடமும் என்னிடம்தான் இருக்கின்றன. அன்று நீ மாடசாமியைக் குறிபார்த்து எறிந்ததில் நெளிந்த அதே செம்பு. இரண்டையும் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினேன். “காலேஜ்ல தண்ணிப் பஞ்சமா ஆச்சி?” என்றான் கண்டக்டர். செல்வி இரண்டையும் அளந்து, அந்த அளவிலேயே கலந்தாள்.

மூன்றாம் நாள் என் போனுக்குப் படம் அனுப்பினாள். பயறெல்லாம் வெள்ளை வேர்! பூச்சிகள் துள்ளித் துள்ளி நீந்துகின்றன! எழுந்து நின்று கைதட்டினேன், அக்கா.

“சின்னாச்சி, இது தட்டுல பாத்தது. கண்மாய்க்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.”

“எனக்குத் தட்டு போதும்ட்டி.”

மறுநாளே ராஜபாளையத்தில் மகன் வீட்டில் இருக்கும் மாடசாமியிடம் போனேன். படத்தை இரண்டு தடவை பார்த்தான்.

“அந்த வருசம் தண்ணி வத்துச்சுல்லா... அதுல செத்துருக்கும்.”

“இத அன்னைக்குச் சொல்ல வாயில்லியாலே?”

“மதினி இருந்தா கால்ல விழுந்துருவேன்.”

“காலு வேண்டாம். கரைக்கு வந்து சொல்லு.”

“முட்டி வலிக்கே.”

“ஆட்டோ நான் பிடிக்கேன்.”

கண்மாய் பெருகட்டும், அக்கா. அதே கரையில், ஊர் கேட்க, அவன் வாயாலேயே சொல்ல வைப்பேன். முணுமுணுத்தால் மறுபடி சொல்லச் சொல்வேன். செம்பு என் கையில் இருக்கும்.

உனக்காகச் சண்டை போட்டே பல் உதிர்ந்த தங்கச்சி,
வெள்ளைத்தாய்